முழுசான ஒன்று

அப்துல் ரஸாக்கின் அழைப்பு வந்தபோது மெட்டில்டா அடுப்படியில் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். பேசுவது யாரென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் புருஷன் டெனிஸ்டன் முதலில் சொன்ன "ஹலோ"வுக்கும், அடுத்து சொன்ன "ஆ… அப்படியா?"வுக்கும் இருந்த வித்தியாசம் அவளுக்குப் போதுமாக இருந்தது. அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பின்வாசலைத் தாண்டி, சேம்பு மண்டிக் கிடந்த கழிவுநீர்க் கானோரம் வரை போய் நின்றான். தூறலில் நனைகிறோம் என்ற நினைவுகூட இல்லை.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

டெனிஸ்டனுக்குப் பழைய ரிவோல்வர்கள் மேல் பைத்தியம். கஹவத்தை டவுனில் அவனோடு பழகியவர்களுக்கு இது முன்பே தெரியும். மற்றவர்கள் தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

அது எப்படிப் பிடித்தது என்பதும் மெட்டில்டாவுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவன் தோட்டத்து பெக்டரியில் பிட்டராக இருந்தான். ஒருநாள் பெரிய துரை தன்னுடைய ரிவோல்வரை பிஸ்கட் டின்னில் வைத்து எடுத்து வந்து, சுழலவில்லை, பார் என்று கொடுத்தார். டெனிஸ்டன் அதைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டுப் பூட்டினான். உருளை 'டிக்' என்று ஒரு வீடு நகர்ந்து நின்ற சத்தத்தை அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து வாயாலேயே செய்து காட்டினான். "மெட்டில்டா, நம்ம ரோலர் மெஷின் மாதிரி இல்ல அது. ஒரு சாமான் இன்னொரு சாமானுக்காகவே பொறந்த மாதிரி இருக்கு" என்றான். அவள் சிரித்தாள். மாப்பிள்ளை சின்னப் பிள்ளை மாதிரி இருக்கிறாரே என்று அன்றைக்கு அது அவளுக்குப் பிடித்துக்கூட இருந்தது.

பெக்டரி வேலையை விட்டு டவுனில் தையல் மெஷினும் தண்ணீர் மோட்டாரும் திருத்துகிற கடை போட்ட பிறகுதான் பைத்தியம் முற்றியது. பழைய இரும்பு எடுக்கிறவர்கள் கடைக்கு வந்து போவார்கள். எங்காவது பழைய பங்களாவைக் காலி செய்கிற போது அலுமாரிக்குப் பின்னால், சீலிங் பலகைக்கு மேலே, ஒருமுறை கிணறு இறைத்தபோது சேற்றுக்குள், இப்படி ஒன்றிரண்டு அகப்படும். வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப் போனவை. துருப்பிடித்தவை. ஒன்றுக்குப் பிடி இருக்காது, ஒன்றுக்கு விசை இருக்காது, ஒன்றுக்குக் குழாய் பாதியில் அறுந்திருக்கும். டெனிஸ்டன் எல்லாவற்றையும் வாங்கினான். இல்லாத துண்டுகளைத் தேடி அலைந்தான். அகப்படாத துண்டுகளைத் தானே அராவிச் செய்து பார்த்தான். ஒன்றுமே முழுதாகவில்லை.

குடி கிடையாது, சிகரெட் கிடையாது. சுடுகிற ஆசை என்று பார்த்தால் துளியும் கிடையாது. கோயில் திருவிழாவில் வெடி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரமாகப் போய் நிற்கிற மனுஷன். லைசன்ஸ் இல்லாமல் இதையெல்லாம் வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்று அவனுக்குத் தெரியாமலும் இல்லை. "இந்த ஒண்ணோட சரி" என்பான். அடுத்த ஒன்று வருகிற வரைக்கும் அந்த வார்த்தைக்கு உண்மையாகவே இருப்பான்.

யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள். பொலிஸ் வந்து கட்டிலுக்கு அடியிலிருந்து சாக்கோடு எல்லாவற்றையும் இழுத்தெடுத்து, மேசையில் வெள்ளைத் துணி விரித்து அடுக்கி, பக்கத்தில் அவனை நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். இரத்தினபுரியில் ரிமாண்ட். மெட்டில்டா தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறவள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுப் போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள். லீவு சொல்லிவிட்டு, சோறு கட்டிக்கொண்டு, மழையிலும் வெயிலிலும் அந்தப் பெரிய கதவுக்கு முன்னால் வரிசையில் நின்றாள். கொழும்பில் வேலை செய்கிற மகள் ஸ்டெபானி, "அப்பாகிட்ட இனி நான் பேச மாட்டேன்மா" என்று அழுதாள். நெடுநாள் பேசவும் இல்லை. கடைசியில், பிடிபட்ட துப்பாக்கிகளில் ஒன்றுகூடச் சுடாது என்று பரிசோதனை அறிக்கை வந்ததால் ஒத்திவைத்த தண்டனையோடு விட்டார்கள். "இனி ஒண்ணு கையில அகப்பட்டாலும் நேரா உள்ளதான்" என்று லோயர் ஐயா இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார். வீட்டுக்கு வந்த அன்றே டெனிஸ்டன் மாதா படத்துக்கு முன்னால் நின்று, இனித் தொட மாட்டேன் என்றான். அவளும் நம்ப வேண்டியது தன் கடமை என்று நம்பினாள்.

இப்போது தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்தான்.

"யாரு?"

"ரஸாக் நானா."

"பழைய இரும்பு ரஸாக் நானாவா? அவரு நம்பர இன்னும் அழிக்கலயா நீங்க?"

"விக்கிறதுக்குப் பேசல மெட்டில்டா. கித்துல்கலயில அவங்க மாமி வீட்ல ஒண்ணு இருக்காம். என்னைய ஒருக்கா வந்து பார்க்கச் சொல்லி அந்த மாமியே கேட்டுச்சாம். சும்மா பார்க்கத்தான்."

அவள் அடுத்த பலாக்கொட்டையை எடுத்தாள். அவன் துவட்டிய துணியைக் கொடியில் போட்டான். பிறகு, கோயிலுக்குள் பேசுகிற குரலில், "முழுசா இருக்காம்" என்றான்.

அழுது பார்த்திருக்கிறாள். பட்டினி கிடந்து பார்த்திருக்கிறாள். பலாங்கொடையில் அக்கா வீட்டுக்குப் போய் இருந்தும் பார்த்திருக்கிறாள். செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எப்ப போறீங்க?"

"சனிக்கிழம போயிட்டு வரலாம்னு…"

"நானும் வாரேன்."

அவன் திகைத்துப் போனான்.

சனிக்கிழமை காலையில் கிளம்பினார்கள். கஹவத்தையிலிருந்து இரத்தினபுரி, அங்கிருந்து அவிசாவளை, பிறகு ஹட்டன் பஸ். அவன் கையில் குடையும் ஒரு சீலைப் பையும் இருந்தன. இரத்தினபுரியில் அவன் டீ வாங்கப் போன நேரம் பையைத் திறந்து பார்த்தாள். பழைய பனியன் துணியும், கடையில் வைத்திருக்கிற சின்ன ஸ்குரூடிரைவர்களும்.

"பார்க்கத்தானே போறீங்க? இது என்னாத்துக்கு?"

"திறந்து பார்க்கணும்னா வேணும்ல."

அதற்கு மேல் கேட்க அவளுக்கு அலுப்பாக இருந்தது. டீயைக் குடித்தாள்.

ஹட்டன் பஸ்ஸில் இருக்கை கிடைத்தது. டெனிஸ்டன் ஜன்னல் பக்கம் அவளை உட்கார வைத்துவிட்டு, முன்னால் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் பேசத் தொடங்கினான். எந்தத் துப்பாக்கி எந்த யுத்தத்துக்குச் செய்தது, எது நடுவில் மடித்துத் திறக்கும், எதன் உருளை பக்கவாட்டில் சாயும், எந்த எண் எங்கே கொத்தியிருக்கும். கண்டக்டர் சிங்களத்தில் டிக்கெட் கேட்டபோது "ஹரி ஹரி, கித்துல்கல தெக்காய்" என்று இரண்டு டிக்கெட்டுக்கு அவசரமாகச் சொல்லி முடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். மெட்டில்டா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ரப்பர் மரங்களுக்கெல்லாம் பால் வெட்டு நனையாமல் பொலித்தீன் பாவாடை கட்டிவிட்டிருந்தார்கள். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட இவன் முகம் இப்படி இருந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. அது ஒரு பெரிய வருத்தமாகவும் தோன்றவில்லை. செருப்பு கடிக்கிற மாதிரி ஒரு வருத்தம், நடந்துகொண்டே இருந்தால் மறந்துவிடும்.

அப்துல் ரஸாக் சொன்ன அடையாளத்தில் இறங்கி, ஆற்றுக்கு மேலே கட்டியிருந்த தொங்கு பாலத்தில் நடந்தார்கள். களனி ஆறு கீழே கலங்கி ஓடியது. பாலம் ஆடியது. அக்கரையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு பழைய வீடு. முற்றத்தில் தகரக் கொட்டகை போட்டு, வெள்ளைக்காரர்களை ஏற்றி ஆற்றில் விடுகிற ரப்பர் படகுகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். எல்லாம் காற்றுப் போய், பாசி பிடித்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன.

கதவைத் திறந்த அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். தலையில் வெள்ளை முக்காடு. பெயர் உம்மு குல்தூம் என்று ரஸாக் சொல்லியிருந்தார். புருஷன் ரப்பர் சீட் வியாபாரம் செய்தவர், இறந்து நாளாகிறது. அம்மா இரண்டு பேரையும் உட்கார வைத்து, டீயும் இனிப்புத் தொதலும் கொண்டுவந்து வைத்தாள். வைத்த கையோடு வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"மவன் டவுனுக்குப் போயிருக்கான். வாறதுக்குள்ள காட்டுறேன்" என்று சொல்லி அடுப்படிக்குப் போனாள். அரிசிப் பெட்டி திறக்கிற சத்தமும், அரிசி சரிகிற சத்தமும் கேட்டன. ஒரு தலையணை உறையைச் சுருட்டிக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

டெனிஸ்டன் பனியன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு உறையைப் பிரித்தான். மெட்டில்டா துப்பாக்கியைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். அவன் மூச்சு நின்று, பிறகு மெதுவாக வெளியே வந்தது. கறுத்த இரும்பு. எங்கும் துரு இல்லை. பிடியில் ஒரு கீறல்கூட இல்லை. இத்தனை காலமாகச் சாக்கில் கட்டி வைத்திருந்த நொண்டிகளுக்கெல்லாம் இல்லாத பிடியும் விசையும் குழாயும் ஒரே இடத்தில் கூடி வந்து இவன் முன்னால் படுத்திருந்தன. 'இன்னிக்கு இத எடுக்காம வர மாட்டாரு' என்று மெட்டில்டாவுக்குத் தெரிந்துவிட்டது. வரும்போது தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக மனதில் எடுத்துப் பார்த்தாள். எல்லாம் பழையவையாகத் தெரிந்தன.

அவன் அதைத் தூக்கி, குழாயைத் தரைப்பக்கம் பிடித்து, நடுவில் மடித்தான். மடித்தவன் அப்படியே நின்றுவிட்டான். முகம் வெளிறியது.

"என்னாங்க?"

"குண்டு போட்டிருக்கு."

உருளைக்குள் பித்தளை வட்டங்கள் மின்னின. டெனிஸ்டன் அவற்றைக் கையில் தட்டி எடுத்து, மேசையில் தனியாக, எட்டத்தில் வைத்தான். "உம்மா, இது பழசா கெடந்தது இல்ல. யாரோ அடிக்கடி எண்ணெ போட்டுத் தொடைச்சிருக்காங்க. இதெல்லாம் கிட்டடியில போட்டது."

அம்மா கதிரையில் உட்கார்ந்தாள். முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

"நான் விக்கிறதுக்குக் கூப்பிட இல்ல மகள்" என்று அவள் மெட்டில்டாவைப் பார்த்தே சொன்னாள். "மவன்ட வாப்பாக்கு ஒரு துரை போற நேரம் குடுத்துட்டுப் போன சாமான் இது. அவர் மௌத்தான பொறகு மவன் நுஹ்மான் எடுத்து வெச்சிக்கிட்டான். முந்தி எல்லாம் சும்மா தொடைச்சி வெப்பான், நானும் ஒண்டும் செல்ல இல்ல. இப்ப வெள்ளைக்காரங்க வாறதும் இல்ல, படகெல்லாம் வெடிச்சிப் போச்சு. பெஞ்சாதி புள்ளைகளோட மாவனல்லைக்குப் போய்ட்டா. பின்னேரம் ஆனா இதையும் எடுத்துட்டு ஆத்தங்கரையில போய் உக்காந்துக்குவான். மடியில வெச்சிட்டு ஆத்தயே பார்த்துட்டு ஈப்பான். நான் கூப்பிட்டாலும் கேக்காது. நான் ஜன்னல்ல நிண்டு, அவன் எழும்பி வாற வரைக்கும்…"

வாசலை மறுபடியும் எட்டிப் பார்த்தாள்.

"நேத்து நான் எடுத்து அரிசிக்குள்ள ஒளிச்சிட்டேன். ராவெல்லாம் தேடினான். என்கிட்ட ஒரு வார்த்த கேக்க இல்ல. அதுதான் மகள் எனக்குப் பயம்."

"பொலிசுக்குக் குடுத்துறலாமே உம்மா" என்றாள் மெட்டில்டா.

"எங்கட ஊட்டுல துவக்கு ஈந்ததுண்டு தெரிஞ்சா என்னாகும் மகள்? அந்த ஈஸ்டர் குண்டுக்குப் பொறகு ஊடு ஊடா வந்து பார்த்தாங்களே. மரக்கறி வெட்டுற கத்திக்கே நான் பதில் சொன்னேன். மவன உள்ள தள்ளிட்டா நான் என்ன செய்ய? ஆத்துல போடுவம்னு பாலம் மட்டும் போனேன். இந்த ஆத்துல ஒவ்வொரு கல்லும் அவனுக்குத் தெரியும். முங்கி எடுத்துட்டு வந்துருவான். ரஸாக்தான் சென்னான், கஹவத்தையில ஒரு ஆள் ஈக்கிறாரு, இது எண்டா உசுர விடுவாருண்டு. கொண்டு போங்க. எனக்கு ஒண்டும் தர வேணாம்."

டெனிஸ்டன் மேசையிலிருந்து விலகி நின்றான். ஆசைப்பட்டதெல்லாம் சும்மாவே கைக்கு வந்து நிற்கிறது. ஆனால் அவன் கண்கள் வாசலைப் பார்த்தன. "எனக்கு ஏலாது உம்மா. என் மேல கேஸ் இருக்கு. வழியில செக்கிங் இருந்தா நான் திரும்ப உள்ள போகணும்." குடையை எடுத்தான். "மெட்டில்டா, வா, போவோம்."

இந்த வார்த்தைக்காகத்தான் அவள் இத்தனை வருஷம் காத்திருந்தாள். அதைக் கேட்டதும் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. அந்த அம்மாவின் கண்களுக்குக் கீழே இருந்த கறுப்பைப் பார்த்தாள். ரிமாண்ட் கதவுக்கு முன்னால் நின்ற நாட்களில் தன் கண்களும் அப்படித்தான் இருந்தன.

"ஒக்காருங்க" என்றாள்.

"என்ன சொல்ற நீ?"

"ஒக்காருங்கன்னு சொல்றேன். இவ்வளவு காலமா ஆசைக்குப் பார்த்தீங்க. இன்னிக்கு இந்த உம்மாவுக்காகப் பாருங்க. கொண்டு போகவும் ஏலாது, இப்படியே விட்டுட்டுப் போகவும் ஏலாது. வேற என்னா செய்யலாம்னு ஒங்களுக்குத்தானே தெரியும்?"

அவன் பதில் சொல்லுமுன் முற்றத்தில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

நுஹ்மான் உள்ளே வந்தபோது மழையில் தெப்பமாக நனைந்திருந்தான். நாற்பது வயதுக்காரன், படகு வலித்து உரமேறிய தோள், தாடிக்குள் ஒடுங்கிப் போன முகம். அந்நியர் இருவரையும் பார்த்தான். மேசையைப் பார்த்தான். உம்மாவைப் பார்த்தான். சத்தம் போடுவான் என்று மெட்டில்டா நினைத்தாள். அவன் கதவோரத்துக் கதிரையில் போய் உட்கார்ந்துகொண்டான். உட்கார்ந்த விதத்தில் அவன் எவ்வளவு களைத்துப் போயிருக்கிறான் என்று தெரிந்தது.

டெனிஸ்டன்தான் முதலில் பேசினான்.

"தம்பி, இத ஒருக்கா கழற்றிப் பார்க்கட்டுமா? நான் தொட்ட ஒண்ணுகூட இப்படி இருந்ததில்ல."

பொய் கலக்காத குரல். நுஹ்மான் நிமிர்ந்து பார்த்தான். அதை ஒளிக்கச் சொன்னவர்கள் உண்டு, பயந்தவர்கள் உண்டு. பார்க்கலாமா என்று இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் போலும்.

"பாருங்க நானா" என்றான்.

உம்மு குல்தூம் பத்திரிகைத் தாளை விரித்தாள். டெனிஸ்டன் ஸ்குரூடிரைவரை எடுத்தான். பிடியின் பலகைகள், உருளை, வில், விசை என்று ஒவ்வொன்றாகக் கழன்று தாளில் வந்து படுத்தன. ஒவ்வொன்றையும் வைக்கும்போது அது என்ன, ஏன் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று சொன்னான். நுஹ்மான் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டான். உருளையின் ஓரத்தில் இருந்த ஒரு முத்திரையைக் காட்டி, அது என்ன என்று கேட்டான். டெனிஸ்டன் சொன்னான். வாப்பா அதை வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் வைத்திருந்ததாக நுஹ்மான் சொன்னான். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்திருந்தார்கள். மெட்டில்டாவும் உம்மு குல்தூமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பின்னேரத்துல இதை மடியில வெச்சிட்டு இருந்தா மனசு ஒரு இடத்துல நிக்கிற மாதிரி இருக்கும் நானா" என்றான் நுஹ்மான், தாளைப் பார்த்தபடியே.

"எனக்கும் நிக்கும் தம்பி" என்றான் டெனிஸ்டன். "ஆனா நான் குண்டு போட்டு வெச்சிக்கிறது இல்ல."

நுஹ்மான் எட்டத்தில் இருந்த தோட்டாக்களைப் பார்த்தான். டெனிஸ்டன் அவசரப்படுத்தவில்லை. துண்டுகளை எடுத்துத் துடைத்து ஒவ்வொன்றாகப் பூட்டத் தொடங்கினான். எல்லாம் பூட்டி முடிந்த பிறகும் தாளில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. குண்டின் பின்பக்கத்தில் அடிக்கிற அந்தச் சின்னச் சுத்தியல். கட்டை விரல் நீளம்தான் இருக்கும். அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் இரும்பு.

அந்தத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு டெனிஸ்டன் சற்று நேரம் பார்த்தான். ஒரு வில்லும் ஒரு திருகாணியும் கிடைக்காமல் வருஷக்கணக்காக அலைந்தவன் அவன். வாழ்க்கையில் முதல்முறையாகக் கைக்கு வந்த முழுசான ஒன்றை அவனே குறையாக்க வேண்டியிருந்தது. மெட்டில்டாவுக்கு அவன் மேல் இரக்கம் வந்தது. அது வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"இது என்கிட்ட இருக்கட்டும் தம்பி."

நுஹ்மான் அந்தக் கையைப் பார்த்தான். எழுந்து பறித்திருந்தால் டெனிஸ்டனால் தடுத்திருக்க முடியாது. அவன் உம்மாவைப் பார்த்தான். அவள் அழவில்லை, கெஞ்சவில்லை, வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

"சரி" என்றான். பிறகு மேசையில் எட்டமாக இருந்த தோட்டாக்களைத் தானே அள்ளிக்கொண்டு மழையில் இறங்கி ஆற்றங்கரைக்கு நடந்தான். உம்மு குல்தூம் ஜன்னலுக்கு ஓடினாள். மெட்டில்டாவும் போய் அவள் பக்கத்தில் நின்றாள். அவன் ஒவ்வொன்றாக ஆற்றில் எறிந்தான். கடைசியை எறிந்துவிட்டும் உடனே திரும்பவில்லை. நனைந்துகொண்டு நின்றான். பிறகு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டு, "உம்மா, சோறு இருக்கா?" என்று கேட்டான்.

திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் டெனிஸ்டன் நின்று, அந்தத் துண்டை மெட்டில்டாவின் கையில் வைத்தான். "நீயே எங்கயாவது போட்டுரு. எங்க போட்டேன்னு என்கிட்ட சொல்லாத" என்றான். அவிசாவளையில் அவள் வாங்கிக் கொடுத்த ரோல்ஸைப் பாதி கடித்துவிட்டுக் கையிலேயே வைத்திருந்தான். இரத்தினபுரியில் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு ஒருமுறை போய்விட்டு வந்தாள். அவன் எதுவும் கேட்கவில்லை.

அதோடு முடிந்துவிடவில்லை. இரண்டு வாரம் கழித்து நுஹ்மான் போன் பேசினான். பிறகு அடிக்கடி பேசினான். டெனிஸ்டன் கடையைப் பூட்டிவிட்டு வந்து, வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இரவுச் சாப்பாடு ஆறுகிற வரைக்கும் அவனோடு துப்பாக்கிக் கதை பேசுவான். உம்மு குல்தூமும் ஒருநாள் மெட்டில்டாவோடு பேசினாள். நுஹ்மான் ஆற்றங்கரைக்குப் போவது குறைந்திருக்கிறது, சில நாள் போகிறான், சில நாள் போவதில்லை என்றாள். நுஹ்மானையே கேட்டால், உம்மா வீணாகப் பயந்துட்டா, நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன் என்பானாம். எது உண்மை என்று மெட்டில்டாவுக்குத் தெரியாது. அவனுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம். புருஷன் மறுபடியும் துப்பாக்கி பற்றிப் பேசுகிறானே என்று அவளுக்குச் சலிப்பாகத்தான் இருந்தது. ஆனால் போனை வை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு ஆள் சிரிப்பது கேட்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்து சமைத்துக்கொண்டிருந்தபோது, நுஹ்மானே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. ஒரு ஹோட்டல்காரருக்கு வேன் ஓட்டுவதாகச் சொன்னான். படகில் இரண்டை ஒட்டிவிட்டானாம். பெண்டாட்டி இன்னும் வரவில்லை, பிள்ளைகளை மட்டும் லீவுக்கு அனுப்பினாளாம். முஸ்லிம் வீட்டுப் பிள்ளை என்று மெட்டில்டா ஹலால் இல்லாத கோழியை ஆக்காமல், மீனும் பருப்பும் சமைத்துப் போட்டாள். நன்றாகச் சாப்பிட்டான். கை கழுவப் போகுமுன் தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அக்கா, அந்தத் துண்டு எங்க ஈக்கி? ஒண்டுக்கும் இல்ல. குண்டும் இல்லத்தானே. வாப்பாட சாமான், முழுசா ஈந்தா நல்லம்னு ஒரு மனசு."

டெனிஸ்டன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். நிமிரவில்லை.

"இரத்தினபுரி பஸ் ஸ்டாண்ட் கக்கூஸ்ல போட்டுட்டேன் தம்பி" என்றாள் மெட்டில்டா. "தண்ணியும் ஊத்திட்டேன்."

நுஹ்மான் அவளையே பார்த்தான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து, முடியாமல், கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும் சிரித்தான். இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தான். அதைப் பார்த்து மெட்டில்டாவுக்கும் வந்துவிட்டது. அவள் கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. டெனிஸ்டன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து கையைக் கழுவிக்கொண்டு கானோரத்தில் போய் நின்றான்.

நுஹ்மான் விடைபெற்றுப் போன பிறகு அவள் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். டெனிஸ்டன் வந்து அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏதோ சொல்ல வந்தவன் போலவும், சொல்லாமல் போய்விடுகிறவன் போலவும் இருந்தான்.

"என்னாங்க?"

"இல்ல… அந்தக் கக்கூஸு…" தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஆம்பள பக்கமா, பொம்பள பக்கமா?"

அவள் கையிலிருந்த சட்டியை வைத்துவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள். நரைத்த தலை. கீழே பார்க்கிற கண். கேட்டதற்காக வெட்கப்படுகிற முகம். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பொம்பள பக்கம்" என்றாள்.

அவன் தலையாட்டினான். பெருமூச்சு விட்டான். அதில் ஏமாற்றம் எவ்வளவு, ஆறுதல் எவ்வளவு என்று அவளால் பிரிக்க முடியவில்லை. பிறகு அவள் கழுவி வைத்த தட்டுகளை எடுத்துத் துடைத்து அடுக்கத் தொடங்கினான்.